மைலேஜ் தரும் டயர் எது? 185/65 ஆர்15, பட்ஜெட் இருபதாயிரம்

உறையூரான் | 2025 அக்டோபர் 11

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வண்டி 2015 ஸ்விஃப்ட், பெட்ரோல், இசட்எக்ஸ்ஐ. டயர் அளவு 185/65 ஆர்15. ஓடினது 88,000. இப்ப இருக்கிறது ரெண்டாவது செட். நேத்து அலைன்மென்ட் பார்க்க விட்ட இடத்துல கடைக்காரர் பட்டனுக்குள்ள (ரோட்டுல படற வரிப்பள்ளம்) கேஜை விட்டு ஆழம் பார்த்துட்டு, "ரெண்டு எம்எம்தான் நிக்குது சார், மழைக்கு முன்னாடி மாத்திடுங்க"ன்னுட்டார்.

வாரத்துல ரெண்டு நாள் திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் ஆபீஸ். வாசல்லேர்ந்து ஆபீஸ் கேட் வரைக்கும் ட்ரிப் மீட்டர்ல 56.8, எப்பவும் அதேதான். மிச்சம் ஊருக்குள்ள. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் வரும். டேங்க் ரொப்பும்போதெல்லாம் நோட்டுல எழுதி வைக்கிற ஆள் நான் (வீட்ல சிரிக்கிறாங்க, பரவாயில்ல). ஆறு மாச சராசரி லிட்டருக்கு 16.2 கிலோமீட்டர்.

நாலு டயருக்கும் சேர்த்து இருபதாயிரம் ஒதுக்கியிருக்கேன். கடைக்காரர் "நல்ல மைலேஜ் டயர் இருக்கு"ங்கறார். டயர் மாத்தினா நிஜமாவே பெட்ரோல் மிச்சமாகுமா? இல்ல பெட்ரோல் குழாய்ல காந்தம் கட்டுற கதை மாதிரிதானா?

பேட்டைக்காரன் | அக்டோபர் 11

மைலேஜ் டயர்ல இல்ல ப்ரோ, கால்ல இருக்கு. ஆக்சிலரேட்டரை மெதுவா மிதிங்க. எது சீப்போ அதை மாட்டிட்டுப் போய்க்கிட்டே இருங்க.

நொய்யல் | அக்டோபர் 11

பேட்டைக்காரன் சொல்றது பாதி சரிங்க. மீதிப் பாதிக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல என்ன காத்து போட்டிருக்கு? உங்க வண்டியில காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, அஞ்சு டயர்லயும் என்ன இருக்கு?

அப்புறம் விலை. செப்டம்பர் 22-லிருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆயிடுச்சு. பத்து சதவீதம் குறையும்னு நினைச்சுக் கடையில சண்டை போடாதீங்க. பழைய விலை 5,000ன்னா அது 128 பங்கு. புதுசு 118 பங்கு, அதாவது 4,610. எட்டு சதவீதம்கூட முழுசா வராது. அந்தக் குறைப்பை உங்களுக்குக் கொடுக்கறாங்களான்னு மட்டும் பில்லுல பாருங்க.

உறையூரான் | அக்டோபர் 12

ஸ்டிக்கர் இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரியும். பத்து வருஷமா அந்தக் கதவைத் திறந்து மூடிக்கிட்டிருக்கேன். பங்க்ல பையன் எல்லாக் காருக்கும் வைக்கிற அளவுதான் எனக்கும் வைப்பான். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட காத்து கேஜ் வாங்கி இன்னிக்குக் காலைல பார்த்தேன். முன்னாடி ரெண்டும் ஸ்டிக்கரை விட 4 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கம்மி. பின்னாடி வலது 7 கம்மி.

நொய்யல் | அக்டோபர் 12

அப்ப டயர் வாங்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குக் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் கிடைச்சாச்சு. நாலு டயரோட சராசரி 1 பிஎஸ்ஐ குறைஞ்சா சுமார் 0.2 சதவீதம் பெட்ரோல் கூடுதலாப் போகும்னு அமெரிக்க எரிசக்தித் துறையே கணக்குச் சொல்லுது. உங்க வண்டிக்கு ஒரு சதவீதம்னு வச்சுக்கங்க. அதைவிட முக்கியம், காத்து கம்மியா ஓடினா டயரோட ரெண்டு ஓரமும் தேயும். உங்க செட் சீக்கிரம் முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

பேட்டைக்காரன் | அக்டோபர் 12

நைட்ரஜன் அடிங்க ப்ரோ, காத்தே குறையாது. கூடவே மைலேஜும் வரும்.

நொய்யல் | அக்டோபர் 12

நாம மூச்சு விடற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தாங்க. மிச்ச 22-க்கு டயருக்கு அம்பது ரூபா கொடுக்கறதை விட அந்தக் காசுல சொந்தமா ஒரு கேஜ் வாங்கிடலாம்.

நாமக்கல்_சக்கரம் | அக்டோபர் 12

தம்பி, முப்பது வருசமா டயர் வியாபாரத்துல இருக்கறனுங்க. லாரி டயர்தான் அதிகம், கார் டயரும் உண்டு. உங்க குழப்பம் எங்க ஆரம்பிச்சுதுன்னு சொல்றேன். "மைலேஜ்"ங்கற சொல்லுலதான்.

நீங்க மைலேஜ்னா லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு நினைக்கறீங்க. கடைக்காரருக்கு அது வேற. எங்க பாசையில மைலேஜ் டயர்னா ரொம்ப நாள் ஓடற டயர். "இந்த டயர் எத்தனை மைலேஜ் குடுத்துச்சு"ன்னு லாரிக்காரர் கேட்டா, தேயறதுக்கு முன்னாடி எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடுச்சுன்னு அர்த்தம். அவரு உங்களை ஏமாத்தலைங்க. நீங்க ஒன்னைக் கேட்டீங்க, அவரு இன்னொன்னைச் சொன்னாரு.

டாக்சிக்காரங்களுக்குன்னு வர்ற டயர்ல பட்டன் ஆழம் அதிகம், ரப்பர் கொஞ்சம் கெட்டி. சில டயருக்குப் பேருலயே "லைஃப்"னு இருக்கும், இல்ல மைலேஜை நினைவுபடுத்தற மாதிரி வச்சிருப்பாங்க. ரொம்ப நாள் வரும், பொய் இல்ல. ஆனா பெட்ரோல் மிச்சம்ங்கறது வேற சமாச்சாரம். டயர் உருளும்போது ரோட்டுல படற இடம் நசுங்கி, மறுபடி நிமிரும். நசுங்கும்போது வாங்கின சக்தியை ரப்பர் முழுசாத் திருப்பித் தராது, கொஞ்சம் சூடாப் போயிடும். நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுத் தொட்டுப் பாருங்க, அந்தச் சூடெல்லாம் நீங்க காசு குடுத்து ஊத்தின பெட்ரோல்தான். பட்டன் ஆழமா இருந்தா நசுங்கற ரப்பரும் அதிகம்.

ரப்பர்ல கார்பன் கருப்புக்கு (கரித்தூள்) பதிலா சிலிக்கா (மணல்லேர்ந்து எடுக்கற பொடி) கலந்தா இந்தச் சூடு குறையுது, மழையில பிடிமானமும் கெடறதில்ல. மிஷெலின்காரங்க 1992-ல ஆரம்பிச்சு வச்சாங்க, இப்ப எல்லாரும் பண்றாங்க. பிரிட்ஜ்ஸ்டோன் ஈகோபியா, மிஷெலின் எனர்ஜி, யோகோஹாமா புளூஎர்த், இதெல்லாம் அந்த வகை. கடையில போய் "மைலேஜ் டயர் குடுங்க"ன்னு கேட்காதீங்க. "பெட்ரோல் மிச்சமாகற சிலிக்கா டயர் இந்த சைஸ்ல என்னென்ன இருக்கு"ன்னு கேளுங்க. அவரே வேற அலமாரிக்குப் போவாரு.

உறையூரான் | அக்டோபர் 14

நாமக்கல் அண்ணே, அப்படியே கேட்டேன். அப்படியே வேற அலமாரிக்குப் போனார்!

சொன்ன விலை: உள்நாட்டு டாக்சி வகை 4,600. சிலிக்கா வகை ஒன்னு 5,200. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்னு 6,400. மூணும் ஒரு டயருக்கு, பேலன்சிங் தனி. கூடவே, "195/65 ஸ்டாக் இருக்கு, 4,900-க்குத் தரேன், கொஞ்சம் அகலம், வண்டி ஜம்முனு உக்காரும்"னார். எந்தக் கம்பெனின்னு நான் இங்க போடலை. போட்டா அப்புறம் சண்டைதான் நடக்கும், பதில் வராது.

அளவுகோல் | அக்டோபர் 14

கணக்காகப் பார்த்தால் எளிது.

டயரின் உருளும் தடையை டன்னுக்கு இத்தனை கிலோ என்று அளப்பார்கள். உங்கள் வண்டி ஆள் ஏறிய பின் 1,100 கிலோ என்று கொள்வோம். தடை டன்னுக்கு 10 கிலோ உள்ள டயர் என்றால், கிணற்று ராட்டினத்தில் 11 கிலோ எடையைத் தொங்கவிட்டு அதை இழுத்துக்கொண்டே தஞ்சாவூர் வரை போவதற்குச் சமம். டன்னுக்கு 8 கிலோ உள்ள டயர் என்றால் அது 8.8 கிலோ. தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. இங்கே குறைவது 20 சதவீதம். ஆக 2 முதல் 4 சதவீதம் மிச்சம், நடுவாக 3.

இனி ரூபாய். ஒரு செட் 45,000 கிலோமீட்டர் வரும், லிட்டருக்கு 16, பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் மூன்று ஆண்டில் 2,84,000 ரூபாய் பெட்ரோலுக்கு. அதில் 3 சதவீதம் 8,500. டாக்சி டயருக்கும் 6,400 ரூபாய் டயருக்கும் நாலுக்குமான வித்தியாசம் 7,200. நிகர லாபம் 1,300 ரூபாய். மாதத்துக்கு 36 ரூபாய், ஒரு டீயும் இரண்டு வடையும்.

5,200 ரூபாய் டயர் 2 சதவீதம்தான் தருகிறது என்று வைத்தாலும், மிச்சம் 5,680, கூடுதல் செலவு 2,400. நிகரம் 3,280. என் ஓட்டு இதற்கு. ஆனால் டாக்சி டயர் 45,000-க்குப் பதில் 60,000 ஓடினால் இந்த லாபம் அத்தனையும் போய்விடும். இதையும் மறைக்கக் கூடாது.

195/65 வேண்டாம். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர். 195/65 என்றால் 634.5. எடை கூடும், அகலம் கூடும், மீட்டர் 2 சதவீதம் குறைத்துக் காட்டும். உங்கள் நோட்டுக் கணக்கு முழுதும் கெடும்.

டோர்ட்முண்ட்_தம்பி | அக்டோபர் 15

வணக்கம் அண்ணையாக்கள். நான் ஜெர்மனியில இருக்கிறன், யாழ்ப்பாணத்து ஆள். இஞ்ச ரயர் வாங்கேக்க இந்தத் தடைக்கணக்கு ஒண்டும் ஊகிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ரயரிலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 2012-ல கொண்டுவந்தது, 2021 மே மாசம் திருத்தினவை. பெட்ரோலுக்கு ஏ-யில இருந்து ஈ வரைக்கும் ஒரு எழுத்து, ஈரத்தில பிடிமானத்துக்கு இன்னொரு எழுத்து, சத்தத்துக்கு டெசிபல். ஏ எண்டால் டன்னுக்கு 6.5 கிலோவுக்கு மேல போகாது. சி எண்டால் 7.8-க்கும் 9-க்கும் இடையில. ஈ எண்டால் 10.6-க்கு மேல.

ஆனா ஒண்டு. இஞ்சத்தைய எழுத்தை இணையத்தில பாத்திட்டு இந்தியாவில அதே பேரில விக்கிற ரயருக்குப் பொருத்திப் போடாதேங்கோ. பேர் ஒண்டெண்டாலும் ரப்பர் கலவை ஒண்டா இருக்கோணும் எண்டில்லை.

நொய்யல் | அக்டோபர் 15

தம்பி சொன்னது ரொம்பச் சரி. நம்ம ஊர்லயும் ஏஐஎஸ்-142ன்னு விதி இருக்கு. உருளும் தடை, ஈரப் பிடிமானம், சத்தம் மூணுக்கும் அளவு கேட்குது, 2022-ல அறிவிச்சாங்க. எரிசக்தித் திறன் அமைப்போட நட்சத்திர முத்திரையும் வந்தாச்சு, ஃப்ரிட்ஜ்ல ஒட்டற மாதிரி. ஆனா கடையில "எத்தனை ஸ்டார்"னு கேட்டுப் பாருங்க. எங்கிட்ட ஒருத்தர், "இது ஏசி கடை இல்லைங்க"ன்னார்.

மழைக்கோட்டு | அக்டோபர் 15

எல்லாரும் பெட்ரோலையே பேசறீங்க. நான் ஒன்னு சொல்லிக்கறேன்.

மூணு வருஷம் முன்னாடி விலை கம்மின்னு ஒரு கெட்டி ரப்பர் டயர் போட்டேன். கம்பெனி பேர் வேண்டாம். தேயவே தேயாது, காய்ஞ்ச ரோட்டுல ஒரு குறையும் சொல்ல முடியாது. நவம்பர்ல ஈசிஆர்ல மரக்காணம் தாண்டி லேசான தூறல். முன்னாடி போன வேன் பிரேக் அடிச்சான், நானும் அடிச்சேன். ஏபிஎஸ் கடகடன்னு உதறுது, வண்டி பாட்டுக்கு சோப்பு மாதிரி போய்க்கிட்டே இருக்கு. வேன் பின்னாடி மெதுவாத்தான் முட்டினேன், யாருக்கும் ஒன்னுமில்ல. ஆனா பம்பர், ஹெட்லைட், கண்டென்சர் எல்லாம் போய் 31,000 ரூபா பில்லு. ரெண்டு எம்எம் பட்டனோட ஒரு அக்டோபர் ஓட்டிக்கிட்டிருக்கீங்க நீங்க. சட்டப்படி 1.6 வரைக்கும் போகலாம்தான். தண்ணி தேங்கின ரோட்டுக்கு அந்தச் சட்டம் தெரியாது. கணக்கை இன்னிக்கு முடிச்சுட்டு நாளைக்கு மாத்துங்க.

நாமக்கல்_சக்கரம் | அக்டோபர் 16

மழைக்கோட்டு சொன்னதுதான் முதல் கணக்குங்க. வாங்கும்போது ஒன்னு பாத்துக்கங்க தம்பி. டயர் ஓரத்துல நாலு எண் ஒரு முட்டை வடிவத்துக்குள்ள இருக்கும். 3125ன்னா 2025-ல 31-வது வாரம் செஞ்சது. நாலுலயும் பாருங்க, ஒரு பக்கம்தான் போட்டிருக்கும், மாட்டினதுக்கு அப்புறம் உள்பக்கமாப் போயிட்டா படுத்துத்தான் பாக்கணும். ரெண்டு வருசப் பழசுன்னா விலை குறைச்சுக் குடுத்தாலும் வேண்டாம்.

பட்ஜெட் இடிச்சா இப்ப ரெண்டு, பொங்கலுக்கு ரெண்டுன்னு வாங்கலாம். அப்படின்னா புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க. இழுக்கறது முன் சக்கரம்தானேன்னு எல்லாரும் முன்னாடி போடறாங்க. மழையில பின்பக்கம் வழுக்கினா யாராலயும் பிடிக்க முடியாது.

உறையூரான் | அக்டோபர் 18

மாட்டியாச்சு! 5,200 சொன்னதைப் பேசி 5,050-க்கு வாங்கினேன். நாலும் 2025 செய்தது. பழைய டயரை எடுத்துக்கிட்டு 600 கழிச்சார். பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு எல்லாம் சேர்த்து 20,900. தொள்ளாயிரம் கூடிடுச்சு, வீட்ல சொல்லலை. ஸ்டிக்கர்ல இருக்கிற காத்து வச்சாச்சு. சொந்த கேஜும் வாங்கிட்டேன். எல்லாருக்கும் நன்றி. ரெண்டு மாசம் கழிச்சு நோட்டோட வர்றேன்.

உறையூரான் | டிசம்பர் 13

வந்துட்டேன், ஆனா கடுப்போட வந்திருக்கேன்.

நாலு டேங்க் கணக்கு: 15.6, 15.8, 15.5, 15.9. சராசரி 15.7. பழைய டயர்ல, அதுவும் காத்து கம்மியா இருந்தப்ப, 16.2. காத்தைச் சரி பண்ணி, சிலிக்கா போட்டு, இருபதாயிரத்துத் தொள்ளாயிரம் செலவழிச்சு மூணு சதவீதம் *குறைஞ்சிருக்கு*. நாமக்கல் அண்ணே, அளவுகோல் சார், இதுக்கு என்ன சொல்றீங்க?

பேட்டைக்காரன் | டிசம்பர் 13

நான் எதுவும் சொல்லலை ப்ரோ. முதல் நாளே சொல்லிட்டேன்.

அளவுகோல் | டிசம்பர் 13

மூன்று காரணம் இருக்கலாம். புது டயரில் பட்டன் முழு ஆழம். நசுங்கும் ரப்பர் அதிகம். தேய்ந்த டயர் எப்போதுமே எளிதாக உருளும். 6,400 ரூபாய் டயர் போட்டிருந்தாலும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் இப்படித்தான் இருந்திருக்கும். இரண்டாவது, மழைக்காலம். ரோட்டில் நிற்கும் தண்ணீரை ஒவ்வொரு சுற்றிலும் டயர் தள்ளியாக வேண்டும். கண்ணாடிப் பனி போக ஏசியும் ஓடியிருக்கும். அக்டோபருக்கு முந்தைய ஆறு மாதத்தோடு இதை ஒப்பிடுவதே சரியல்ல.

மூன்றாவதுதான் பெரியது. அதற்கு ஒரு எண் வேண்டும். முதல் பதிவில் வாசலிலிருந்து ஆபீஸ் வரை ட்ரிப் மீட்டர் 56.8 என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது எவ்வளவு காட்டுகிறது?

உறையூரான் | டிசம்பர் 13

ஆபீஸ் அதே இடத்துலதானே சார் இருக்கு? திங்கக்கிழமை பார்த்துச் சொல்றேன்.

உறையூரான் | டிசம்பர் 15

55.8.

போகும்போது 55.8, வரும்போதும் 55.8. ஒரு கிலோமீட்டர் எங்க போச்சு?

அளவுகோல் | டிசம்பர் 15

எங்கும் போகவில்லை. மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் தெரியும். பழைய டயரில் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது, விட்டத்தில் 12. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றியது, மீட்டர் கூட்டிக் காட்டியது. இப்போது சக்கரம் பெரிது, குறைவாகச் சுற்றுகிறது. 195/65 வேண்டாம் என்று சொன்னபோது எழுதியதேதான். அங்கே அகல டயர் செய்வதை இங்கே புது டயர் செய்திருக்கிறது.

15.7-ஐ 56.8-ஆல் பெருக்கி 55.8-ஆல் வகுத்துப் பாருங்கள். 15.98. ஆக உண்மையில் குறைந்தது 0.2 மட்டும், மழையும் புது ரப்பரும் சேர்ந்து. உங்கள் 16.2-இல் ஒரு பகுதி இத்தனை நாளும் மீட்டர் சொன்ன பொய்.

பேட்டைக்காரன் | டிசம்பர் 15

அப்ப டயர் தேயத் தேய மைலேஜ் ஏறும். மொட்டையா ஓட்டினா 20 வரும் போல.

மழைக்கோட்டு | டிசம்பர் 15

31,000 ரூபா பில்லும் வரும்.

உறையூரான் | டிசம்பர் 16

அப்ப மூணு வருஷ நோட்டும் தப்பா சார்? ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு சொட்டு கூடக் கூட எழுதியிருக்கேன்?

அளவுகோல் | டிசம்பர் 16

தப்பு இல்லை, அளவுகோல் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் ஆபீஸ் தூரத்தை ஒரு முறை குறித்து வையுங்கள். அதைக் கொண்டே திருத்திக்கொள்ளலாம். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த ரோட்டில் எடுக்கும் கணக்கைத்தான் இந்த டயரின் கணக்காகக் கொள்வேன்.

உறையூரான் | 2026 மார்ச் 8

சொன்னபடி வந்தேன். ஜனவரி பாதியிலேர்ந்து ஆறு டேங்க். மீட்டர்படி 16.3. ஆபீஸ் தூரம் இப்ப 55.9. பழைய 56.8 அளவுக்குத் திருத்தினா 16.56. பழைய 16.2-ஐ விட ரெண்டு சதவீதம் சொச்சம் மேல. இதுல காத்துக்கு எவ்வளவு, டயருக்கு எவ்வளவு, காய்ஞ்ச ரோட்டுக்கு எவ்வளவுன்னு என்னால பிரிக்க முடியலை. மாசத்துக்கு 160, 170 ரூபா மிச்சம். மழையில துவாக்குடிகிட்ட ஒரு மாடு குறுக்க வந்துச்சு, வண்டி நின்ன நிலை எனக்கு அதைவிடப் பிடிச்சிருக்கு.

நொய்யல் | மார்ச் 8

சந்தோஷம்ங்க. அக்டோபர்ல நான் அஞ்சு டயர் காத்து கேட்டேன், நீங்க மூணுதான் சொன்னீங்க. ஸ்டெப்னி எவ்வளவு இருக்கு?

உறையூரான் | மார்ச் 8

இருங்க, டிக்கியைத் திறக்கிறேன்.

…9 பிஎஸ்ஐ.